குடியுரிமையைத் துறக்காதீர்கள், குழுவையும் விடாதீர்கள்

வணக்கம் நண்பரே. தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல ஆண்டுகளாக வரைகிறீர்கள். முகம் தெரியாத அந்தக் குழுவே பிறந்த நாட்டைவிட நெருக்கமாகிவிட்டது. எஸ்டோனியா நாட்டின் இ-ரெசிடென்சி என்ற மின்னணு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு குடியுரிமையைத் துறந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2014 இறுதியில் தொடங்கிய அந்தத் திட்டம் இணையவழியே நிறுவனம் நடத்தவும் ஆவணங்களில் கையொப்பமிடவும் உதவும், அவ்வளவுதான். அது குடியுரிமை அல்ல, விசாவும் அல்ல. எஸ்டோனியாவுக்குள் நுழையும் உரிமைகூட அதில் கிடையாது. வேறு குடியுரிமை கையில் இல்லாதபோது, இருக்கும் ஒன்றையும் துறந்தால் நாடற்றவர் ஆகிவிடுவீர்கள். தாங்கள் கேட்காமலே அந்த நிலைக்குத் தள்ளப்பட்டு, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் அல்லாடுபவர்கள் உலகில் பல லட்சம் பேர்.

ஆனால் உங்கள் உணர்வை மயக்கம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, அந்த மண்ணை மிதித்தே இராத தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தோடு களத்தில் நின்றன. அது உறவில்லாமல் வேறென்ன?

1993-இல் தோன்றிய, தன்னார்வலர்களால் இயங்கும் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் குழுவையும் பாருங்கள். அங்கே பிறப்பிடம் பொருட்டல்ல. செய்த வேலையும், 1997-இல் வகுத்த சமூக ஒப்பந்தம் என்ற குழுவின் கொள்கை உறுதிமொழியை ஏற்பதும்தான் தகுதி. அப்படியிருந்தும், இணையத்தில் ஒருவரை அடையாளம் காட்டும் மறையாக்கச் சாவிக்குச் சான்றளிக்கும் முன் நேரில் சந்தித்து அரசு அடையாள அட்டையைப் பார்ப்பது அவர்களின் நெடுநாள் வழக்கம். எல்லை பாராத குழுவுக்கும் அரசு தரும் அடையாளம் தேவைப்படுகிறது.

ஆகவே குடியுரிமையை வைத்துக்கொண்டே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையில் உறுப்பினராகுங்கள். ஓராண்டில் 42 நாள்கள் வரைந்திருந்தால் கட்டணமின்றிச் சேர விண்ணப்பிக்கலாம். நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம்.