சனிக்கிழமை புகைத்ததற்கு வியாழக்கிழமை சோதனையா?

கேள்வி: அக்கா, என் மகன் டர்பன் மோபெனியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். போன வியாழக்கிழமை திடீரென்று எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துச் சிறுநீர் சோதனை எடுத்தார்களாம், இவனுக்கு டாகா (கஞ்சா) காட்டியிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி வீட்டில்தான் புகைத்தேன், வேலைக்குத் தெளிவாகத்தான் போனேன் என்று அழுகிறான். இப்போது விசாரணை என்கிறார்கள். இப்படிச் சோதிக்க முதலாளிக்கு உரிமை உண்டா? - வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: உண்டு தங்கச்சி, ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. வேறொரு சட்டம் அனுமதித்தாலோ, வேலையின் தன்மை போன்ற நியாயமான காரணம் இருந்தாலோதான் மருத்துவச் சோதனை செய்யலாம் என்கிறது நம் தென்னாப்பிரிக்காவின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். போதையில் இருப்பவரை உள்ளே விடக்கூடாது என்று பாதுகாப்பு விதியும் இருக்கிறது. அந்த விதி வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். என் அப்பா வேலை பார்த்த சர்க்கரை ஆலையில் குடித்துவிட்டு வந்த ஒருவர் கிரேனை இயக்கியதில் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது, சாகும்வரை சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டார்.

ஆனால் சிறுநீரில் தெரிவது போதை இல்லையே. எப்போதோ புகைத்ததன் மிச்சம்தான் அது, தினமும் புகைப்பவருக்கு வாரக்கணக்கில் தங்கும். பெரியவர்கள் வீட்டுக்குள் டாகா புகைப்பது குற்றமில்லை என்று 2018இல் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, அந்த மிச்சத்தைக் காட்டி ஒருவன் பிழைப்பைப் பறிப்பது அநியாயம். 2024 ஏப்ரலில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி வேலை இழந்த ஒரு அலுவலகப் பெண்ணுக்கு 24 மாதச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. அவர் மேசை வேலைக்காரர், வேலையிடத்தில் போதையில் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. உங்கள் மகன் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட், அதனால் அந்தத் தீர்ப்பு அப்படியே இவனுக்குப் பொருந்தும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கம்பெனியின் போதைக் கொள்கையை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், அவனுக்கு அதை எப்போது காட்டினார்கள் என்பதையும். ஆய்வகத்தில் மறுசோதனை செய்தார்களா, அன்றைக்கு அவன் நடையிலோ பேச்சிலோ தடுமாற்றம் கண்டதாக யாராவது எழுதினார்களா என்று கேட்கட்டும். விசாரணைக்குத் தனியாகப் போக வேண்டாம், சங்கத்து ஆளோ கூட வேலை செய்பவரோ உடன் போகட்டும். வேலையை விட்டு நீக்கினால் 30 நாளுக்குள், தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வில் புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது.

அப்புறம், தினமும் புகைக்கிறானா என்று நீங்களே அவனைக் கேளுங்கள். ஆமாம் என்றால் விசாரணைக்கு முன்பே சிகிச்சை கேட்டு எழுதிக் கொடுக்கட்டும்.