அந்தச் சீருடையை நான் போடலாமா?

வணக்கம் அக்கா,

எனக்கு 17 வயது. தொடக்கக்கல்லூரியில் படிக்கிறேன், வீடு ஈசூனில். எங்கள் சமூக மன்றத்தில் 1943ஆம் ஆண்டுச் சிங்கப்பூரை நடித்துக் காட்டப் போகிறார்கள். அதில் நான், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவாக இருந்த ஜான்சி ராணிப் படைப் பெண்ணாக அணிவகுக்கிறேன். ஒத்திகை தொடங்கிவிட்டது. போன வாரம் என் சீனத் தோழி, “அவர்கள் ஜப்பான்காரர்கள் பக்கம் இருந்தவர்கள்தானே? என் கொள்ளுத் தாத்தாவை ஜப்பான்காரர்கள்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்” என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. விலகிவிடலாமா?

ஈசூன் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விலகாதே. இந்தக் கேள்வி உறுத்துகிற ஒருத்தி அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

உன் தோழி சொன்னது உண்மை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் சரணடைந்தது. அடுத்த சில நாள்களிலேயே ‘சூக் சிங்’ என்ற படுகொலை தொடங்கியது. சீன ஆண்களைப் பிரித்தெடுத்து, ஆயிரக்கணக்கானோரைக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அதே ஜப்பானின் துணையோடுதான் இந்திய தேசிய ராணுவம் நின்றது. இதை அவளிடம் மழுப்பாதே.

சரி, நீ நடிக்கும் பெண் யார்? 1943 ஜூலையில் இங்கு வந்த நேதாஜி, பெண்கள் படை வேண்டும் என்றார். அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் முகாம் திறந்தது. தலைமை ஏற்றவர் இங்கு மருத்துவராக இருந்த சென்னைப் பெண் லட்சுமி சுவாமிநாதன். பின்னாளில் மலேசியாவில் ஆசிரியராகப் பெயர்பெற்ற ராசம்மா பூபாலன், சேரும்போது உன்னைவிடச் சிறியவர், 16 வயது. ஆனால் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பால்மரம் சீவிய கைகள். அணிவகுப்பு ஆணைகளோ இந்துஸ்தானியில். சேலையும் பாவாடையும் உடுத்தியவர்கள் கால்சட்டை மாட்டி, துப்பாக்கி தூக்கப் பழகினார்கள். ஒத்திகையில் உனக்கு ஆணை புரியாமல் கால் தடுமாறினால் வெட்கப்படாதே, அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தத் தோட்டங்களில் அப்போது வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அங்கிருந்துதான் ஜப்பானியர்கள் ஆள் பிடித்து, சயாமில் (இன்றைய தாய்லாந்து) 415 கிலோமீட்டர் நீள மரண ரயில் பாதை போட அனுப்பினார்கள். போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அண்ணனைச் சயாமுக்குப் பறிகொடுத்த வீட்டிலிருந்து ஒரு தங்கை இந்த முகாமுக்கு வந்திருக்கலாம். நாட்டு விடுதலைக்காக வந்தவர்களும் உண்டு, ஒருவேளைச் சோற்றுக்காக வந்தவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டுக்காகவும் வந்தவர்களே அதிகம் என்பது என் எண்ணம். உன் தோழியிடம் இதைச் சொல். அவள் கொள்ளுத் தாத்தாவை ஏற்றிய லாரியும் அந்த அண்ணனை ஏற்றிய ரயிலும் ஒரே ராணுவத்துடையவை.

நானும் பதினைந்து வயதில், சிங்கப்பூர் சரணடைந்த நாளை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்துக்குப் பள்ளியில் ஜப்பானிய வீரனாக நடித்தேன். உடையோடு சிற்றுண்டிச்சாலைக்குப் போனபோது, அங்கே மேசை துடைக்கும் பாட்டி ஒருவர் என் தொப்பியைப் பார்த்ததும் துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை. அது இன்றும் மனத்தை அறுக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். அணிவகுப்புக்கு முன் வாசிக்கும் அறிமுகத்தில் சூக் சிங்கும் சயாமும் வர வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் கேள். இரண்டே வரி போதும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் குரலைக் கேள். நடை, பேச்சு, தயக்கம் எல்லாம் அதில் கிடைக்கும்.

அப்புறம், ஒரு சனிக்கிழமை தோழியை எஸ்பிளனேட் பூங்காவுக்குக் கூட்டிப் போ. ஆங்கிலேயர்கள் 1945இல் இடித்த இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னம் அங்கேதான் இருந்தது. இப்போது ஓர் அடையாளக் கல் இருக்கிறது. அங்கிருந்து சற்று நடந்தால், பீச் ரோடு பக்கம், ஜப்பானிய ஆட்சியில் இறந்த பொதுமக்களுக்காக 1967இல் எழுப்பிய நான்கு தூண்கள். அங்கே அவள் கொள்ளுத் தாத்தாவைப் பற்றி அவளைப் பேசவிடு.

அன்புடன்,
அக்கா