ஊகம் வேண்டாம், காரணம் போதும்: புதிர் விளையாட்டுகள் பற்றிய கேள்வி பதில்

தர்க்கப் புதிர்கள் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை எல்லாருக்கும் பதில் எழுதியிருக்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல புதிர் என்றால் ஒவ்வொரு அடிக்கும் “எப்படித் தெரியும்?” என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இதை வைத்துத்தான்.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஆறு வயது. நான் சுடோகு போடும்போது தானும் போடுவேன் என்று அடம்பிடிக்கிறாள். ஒன்பது கட்டச் சுடோகு அவளுக்குப் புரியவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

4×4 கட்டத்தில் ஆரம்பியுங்கள். எண்கள்கூட வேண்டாம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறங்களில் காகிதத்துண்டுகளை வெட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், ஒவ்வொரு 2×2 பெட்டியிலும் நான்கு நிறமும் ஒருமுறை வர வேண்டும், அவ்வளவுதான் விதி.

முதலில் மூன்று நிறம் நிரம்பிய வரிசையைக் காட்டி, “எது மிச்சம்?” என்று கேளுங்கள். அது உடனே வந்துவிடும். அடுத்த படிதான் அழகு. இடது மேல் பெட்டியில் மஞ்சள் எங்கே வரும்? முதல் வரிசையின் வலது பக்கம் ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருக்கிறது, அதனால் பெட்டியின் மேல் இரண்டு கட்டமும் போயிற்று. முதல் நெடுவரிசையில் கீழே ஒரு மஞ்சள் இருக்கிறது, அதனால் கீழ் இடது கட்டமும் போயிற்று. மிச்சம் ஒரே கட்டம். அங்கே எதுவுமே எழுதியிருக்கவில்லை, ஆனால் மஞ்சள் அங்கேதான் வர முடியும்! இதைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள், நீங்கள் விரலை நீட்டிவிடாதீர்கள். சரியாக வைத்தாலும் “ஏன் இங்கே வைத்தாய்?” என்று கேளுங்கள். 4×4 சலித்த பிறகு 6×6 போகலாம். ஒன்பதுக்கு அவசரமே இல்லை.

கேள்வி: எனக்குக் கணக்கு என்றாலே ஆகாது. சுடோகு எனக்கு வருமா?

தாராளமாக வரும். அதில் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. எண்களுக்குப் பதில் அ முதல் ஔ வரை ஏதாவது ஒன்பது எழுத்துகளைப் போட்டாலும் அதே விளையாட்டுதான். கணக்கும் வேண்டும் என்பவர்களுக்குக் கக்குரோ, கென்கென் இருக்கின்றன. கென்கென் புதிரை டெட்சுயா மியாமோட்டோ என்ற ஜப்பானியக் கணக்கு ஆசிரியர் 2004-இல் தன் மாணவர்களுக்காக உருவாக்கினார்.

கேள்வி: பாதி வரை நன்றாகப் போகிறது. அப்புறம் நின்றுவிடுகிறது. ஏதாவது ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்கிறேன், கடைசியில் எல்லாம் தப்பாகிவிடுகிறது.

முறையாகத் தயாரித்த சுடோகுவுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கும். கொடுத்திருக்கும் எண்கள் போதவில்லை என்று தோன்றினாலும் போதும் என்று நம்பலாம். 17 எண்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரே விடை வரும் புதிரை அமைக்கவே முடியாது என்பதை 2012-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்வயர் குழுவினர் கணினியில் எல்லாச் சாத்தியங்களையும் அலசி நிறுவினார்கள். அதற்காக, எண்கள் குறைந்தால் புதிர் கடினம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 17 எண் கொடுத்த சுலபமான புதிரும் உண்டு, 25 எண் கொடுத்தும் மண்டையை உடைக்கும் புதிரும் உண்டு.

நீங்கள் நிற்கும் இடத்தில் பென்சிலை எடுங்கள். காலிக் கட்டங்களின் மூலையில் வரக்கூடிய எண்களைச் சிறியதாக எழுதுங்கள். பிறகு இரட்டைகளைத் தேடுங்கள். ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 3, 8 ஆகிய இரண்டு மட்டுமே வர முடியும் என்று வைத்துக்கொள்வோம். எது எதில் என்று இப்போது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்த இரண்டு எண்களும் அந்த இரண்டு கட்டங்களுக்கே சொந்தம், ஆகவே வரிசையின் மற்ற கட்டங்களிலிருந்து 3-ஐயும் 8-ஐயும் அடித்துவிடலாம். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அடைப்பு விடும். பாதி தெரிந்ததை வைத்தே ஒரு முழு முடிவுக்கு வருவது இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

கேள்வி: சுடோகு ஜப்பானில் பிறந்ததுதானே?

இல்லை. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கியதாகக் கருதப்படுகிறது, 1979-இல் அங்கே ஒரு புதிர் இதழில் வந்தது. ஜப்பானில் நிக்கோலி நிறுவனம் 1984-இல் வெளியிட்ட பிறகு அங்கே பரவியது. 2004-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் வரத் தொடங்கியதும் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: ஆன்ட்டி, எனக்குப் பதினொரு வயது. மறைத்து வைத்த நிறங்களைக் கண்டுபிடிக்கும் மாஸ்டர்மைண்ட் விளையாட்டில் அப்பாதான் எப்போதும் ஜெயிக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

தம்பி, நல்ல கேள்வி. ஆறு நிறம், நான்கு இடம், ஒரே நிறம் திரும்பவும் வரலாம் என்றால் மொத்தம் 1296 விதமாக மறைத்து வைக்கலாம். ஆனால் எதை மறைத்தாலும் ஐந்தே முயற்சிக்குள் கண்டுபிடிக்க வழி உண்டு என்று 1977-இல் டொனால்ட் குனூத் என்ற கணினி அறிஞர் காட்டினார். அவர் முறையை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் முயற்சியை மட்டும் அவரைப் போலவே செய்: இரண்டு சிவப்பு, இரண்டு நீலம்.

எத்தனை நிறம் சரி என்பதற்கு “ஒன்றுகூட இல்லை” என்று அப்பா சொன்னால் முகத்தைத் தொங்கப் போடாதே! அதுதான் உனக்கு ரொம்ப நல்ல செய்தி. சிவப்பும் நீலமும் மொத்தமாகப் போய்விட்டன, 1296-இல் மிச்சம் 256 மட்டுமே. அப்புறம், புதிதாக ஒன்றை வைப்பதற்கு முன்னால் உன்னையே கேட்டுக்கொள்: “இதுதான் விடை என்றால், அப்பா முன்னாடி சொன்ன பதில்கள் எல்லாம் சரியாக வருமா?” ஒரு பதில் இடித்தாலும் அதை வைக்காதே. எல்லாப் பதில்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே விளையாடு. அப்பாவுக்குச் சீக்கிரம் கடினமாகிவிடும்.

கேள்வி: 1 முதல் 15 வரை நகர்த்தி அடுக்கும் பிளாஸ்டிக் பலகை வீட்டில் இருக்கிறது. எல்லாம் சரியாக வந்து, கடைசியில் 14-உம் 15-உம் மட்டும் இடம் மாறி நிற்கிறது. நானும் மகனும் எவ்வளவோ முயன்றுவிட்டோம்.

இனி முயல வேண்டாம், அது தீராது. எப்போதோ கட்டைகள் கழன்று விழுந்து, யாரோ கைக்கு வந்தபடி திரும்ப மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டினால் பாதிக்குப் பாதி தீராத அமைப்புதான் வரும்.

காரணத்தை மகனுக்கும் சொல்லுங்கள், ரசிப்பான். பலகையைச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் காலியிடம் ஒரு கட்டம் தள்ளிப் போகிறது, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு அல்லது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு. அது புறப்பட்ட மூலைக்கே திரும்ப வேண்டுமென்றால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு நகர்த்தலும் காலியிடமும் ஒரு கட்டையும் செய்துகொள்ளும் ஓர் இடமாற்றம். ஆக, இரட்டைப்படை இடமாற்றங்களால் ஆகக்கூடியது மட்டுமே ஆகும். 14-ஐயும் 15-ஐயும் மட்டும் மாற்றுவது ஒற்றைப்படை. 1880 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பலகைப் பைத்தியம் பிடித்து ஆட்டியபோது, எத்தனையோ பேர் இதே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஏதாவது இரண்டு கட்டைகளைக் கழற்றி இடம் மாற்றி மாட்டுங்கள், தீர்ந்துவிடும்.

கேள்வி: தாத்தா முதல் பேரன் வரை எல்லாரும் ஒன்றாக விளையாட, எதுவும் வாங்காமல், ஏதாவது உண்டா?

வாய்ப்புதிர்கள் இருக்கும்போது என்ன கவலை? புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் புதிர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதையாகத் தெரிந்தவர்களுக்கும் ஏழு தடவை கடக்க வேண்டும் என்பதை நடித்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஒருவர் புலி, ஒருவர் ஆடு என்று நின்று விளையாடுங்கள். கொண்டுபோன ஆட்டைத் திரும்ப இக்கரைக்கே கூட்டிவர வேண்டும் என்ற எண்ணம் முதலில் யாருக்கு உதிக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து மெய்யர், பொய்யர் புதிர். ஓர் ஊரில் சிலர் எப்போதும் உண்மையே பேசுவார்கள், மற்றவர்கள் எப்போதும் பொய்யே பேசுவார்கள். எதிரே இருவர் வருகிறார்கள். ஒருவர் சொல்கிறார்: “நாங்கள் இருவருமே பொய்யர்கள்.” யார் யார்? சொன்னவர் மெய்யராக இருந்தால் தன்னைப் பொய்யர் என்று சொல்ல மாட்டார், ஆக அவர் பொய்யர். அப்படியானால் அவர் சொன்னது பொய், இருவருமே பொய்யர் இல்லை. ஆகவே மற்றவர் மெய்யர். எட்டு வயதுப் பிள்ளை இதைத் தாத்தாவுக்கு விளக்கிச் சொல்லும்போது கேட்டிருக்கிறேன், அத்தனை தெளிவு.

கேள்வி: போனில் விளையாடுவதா, காகிதத்திலா?

நான் காகிதத்தின் பக்கம். செயலியில் தப்பான எண்ணைப் போட்டதும் சிவப்பாகக் காட்டிவிட்டால், யோசிக்காமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அந்த வசதியை அணைக்க முடிந்தால் போனும் சரிதான். நோனோகிராம் மாதிரி, ஓரத்து எண்களைப் பார்த்துக் கட்டங்களை நிரப்பினால் படம் வரும் புதிர்களுக்குப் போன் வசதி. அதில் ஒரு குறிப்பு மட்டும்: பத்துக் கட்ட வரிசையில் தொடர்ச்சியாக 7 கட்டம் நிரப்ப வேண்டும் என்றிருந்தால், இடது ஓரத்தில் ஆரம்பித்தாலும் வலது ஓரத்தில் முடித்தாலும் நடுவிலுள்ள 4 கட்டம் நிரம்பியே தீரும். அதைத் தயங்காமல் நிரப்புங்கள்.

மைன்ஸ்வீப்பரில், அதாவது மறைந்திருக்கும் வெடிகளைத் தொடாமல் கட்டங்களைத் திறக்கும் கணினி விளையாட்டில், ஊகிக்க வேண்டியிருக்கிறதே என்று கேட்டவருக்கு: சில நேரம் அதில் ஊகித்தே ஆக வேண்டிய நிலை வரும். உங்கள் குற்றமில்லை.

கேள்வி: ஒரு கம்பியில் அடுக்கிய தட்டுகளை, சிறியதன் மேல் பெரியது வராமல், ஒவ்வொன்றாக மூன்று கம்பிகளுக்குள் நகர்த்தி வேறு கம்பிக்கு மாற்றும் ஹனோய் கோபுரத்தில் என் மகன் ஐந்து தட்டுகளை மாற்ற முடியாமல் அழுதுவிட்டான். சொல்லிக் கொடுத்துவிடலாமா?

விடையைச் சொல்லாதீர்கள், தட்டைக் குறையுங்கள். மூன்று தட்டு வைத்தால் 7 நகர்த்தலில் முடியும், சின்னப் பிள்ளையும் செய்துவிடும். அது கை பழகியதும் நான்காவதை அடியில் வையுங்கள். “அடித்தட்டை நகர்த்த வேண்டுமென்றால் மேலே உள்ள மூன்றும் எங்கே இருக்க வேண்டும்?” என்று மட்டும் கேளுங்கள். மூன்றை நகர்த்த அவனுக்கு ஏற்கெனவே தெரியும்: ஒருமுறை 7, அடித்தட்டுக்கு 1, திரும்ப 7. ஆக 15. ஐந்து தட்டுக்கு எத்தனை என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 31 என்று சொன்னால், அவனை அழவைத்த கோபுரத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வான்.