முயல் தொல்லை, ஏர் ரைபிள், 13 வயது மகன்: இங்கிலாந்து வயலில் ஒரு மதியம்

கேள்வி: கேம்பிரிட்ஜ்ஷயரில் குடியிருக்கிறோம். பழக்கமான விவசாயி ஒருவர், "வயலோரத்தை முயல்கள் மொட்டையடிக்கின்றன, உங்களிடம்தான் ஏர் ரைபிள் இருக்கிறதே, வந்து நாலைந்தைக் குறையுங்களேன்" என்கிறார். நான் கிளப்பில் அட்டையைத்தான் சுட்டிருக்கிறேன். 13 வயது மகனும் வரத் துடிக்கிறான். அவனுக்குப் பறவை, விலங்கு பார்ப்பதில்தான் பைத்தியம். லைசென்ஸ் வேண்டுமா? எதைச் சுடலாம், எதைக் கூடாது? இரண்டு பேருக்கும் அது உருப்படியான ஒரு மதியமாக இருக்குமா?

பதில்: இருக்கும். ஆனால் முதல் தடவை ரைபிளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பைனாகுலர், தண்ணீர், ஒரு நோட்டு போதும். நிலத்தின் எல்லை எது, பொதுப் பாதை எந்தப் பக்கம் போகிறது, முயல் வளை எங்கே, எந்த வளையிலிருந்து எத்தனை மணிக்கு முயல் வருகிறது, பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதையெல்லாம் துப்பாக்கி கையில் இருக்கும்போது பார்க்கவே மாட்டீர்கள். மகன் பார்க்க ஆசைப்படுவதும், நீங்கள் சுடுவதற்கு முன் பார்த்தாக வேண்டியதும் ஒன்றுதான். அவனை உங்கள் கண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு (சுமார் 16 ஜூல்) சக்திக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினால் அது முழுத் துப்பாக்கிக் கணக்கு. சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். செகண்ட்ஹேண்டில் வாங்கியதென்றால், துப்பாக்கிக் கடையில் கொடுத்து வேகத்தை அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போகும்போது காரில் எடுத்துப்போகும் யோசனை வேண்டாம். 2016 டிசம்பர் 31 முதல் அங்கே ஏர் ரைபிளுக்கும் சான்றிதழ் கட்டாயம். வட அயர்லாந்தில் கெடுபிடி இன்னும் அதிகம்.

13 வயதுப் பையன், 21 வயது நிரம்பியவர் கூட இருந்தால், அனுமதி பெற்ற தனியார் நிலத்தில் சுடலாம். சட்டம் விடுகிறது என்பதற்காக உயிர் மேல் முதல் குண்டை அவன் கையால் விடச் சொல்லாதீர்கள். அட்டையில் பழகட்டும். வீட்டில் அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது உங்கள் சட்டப் பொறுப்பு. பொது இடத்தில் கொண்டுபோகும்போது குண்டு ஏற்றாமல், உறை போட்டுத்தான் இருக்க வேண்டும். அந்த நிலத்தைக் குறுக்கே வெட்டும் நடைபாதையும் பொது இடம்தான். நீங்கள் விட்ட குண்டு எல்லை வேலியைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் விழுந்தால், யார் மேலும் படாவிட்டாலும் குற்றம்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அப்படியே, அவர் நிலச் சொந்தக்காரரா குத்தகைக்காரரா என்றும் கேட்டுவிடுங்கள். இங்கே பல பண்ணைகளில் நிலம் ஒருவரிடமும் சுடும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கும். முயலைப் பொறுத்தவரை அதில் விவசாயிக்கே உரிமை உண்டு. 1880-ஆம் வருடச் சட்டமொன்று அதைக் கொடுத்தது. 1954-ஆம் வருடச் சட்டம் ஒருபடி மேலே போய், முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்தை வைத்திருப்பவர் கடமை என்றே ஆக்கிவிட்டது. ஆனால் அவர் வேறொருவரை அனுப்பினால் அது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் சட்டைப் பையில் இருக்கட்டும். நம் முகம் அந்தக் கிராமத்துக்குப் புதிது. வேலி ஓரம் யாரோ துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று போலீசுக்குப் போன் போனால், பேச்சை விடக் கடிதம் சீக்கிரம் வேலை செய்யும். பி.ஏ.எஸ்.சி. என்ற வேட்டையாளர் சங்கத்தில் உறுப்பினரானால் இன்சூரன்ஸும் சேர்ந்து வரும். அது வீண் செலவு இல்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இது இங்கிலாந்துக்கு மட்டும். தமிழ்நாட்டில் காட்டு முயல், கவுதாரி, மயில் எதைச் சுட்டாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வயல் உங்களுடையதாக இருந்தாலும் அப்படித்தான்.

சரி, எதைச் சுடலாம்? முயலுக்கு சீசன் கிடையாது, வருடம் முழுவதும் சுடலாம். சாம்பல் அணிலும் அப்படித்தான். பறவைகள் கதை வேறு. இங்கே காட்டுப் பறவைகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை; விவசாயச் சேதத்துக்காகச் சிலவற்றுக்கு மட்டும் பொது உரிமம் என்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் உட்பிஜன் என்ற காட்டுப் புறாவுக்கு அது ஜி.எல். 42 என்ற எண்ணுள்ள உரிமம். விண்ணப்பிக்க வேண்டியதில்லை, ஆனால் படித்து அதன் நிபந்தனைகளின்படி நடக்க வேண்டும். பயிருக்குக் கடுமையான சேதம் இருக்க வேண்டும், விரட்டும் வழிகளை முதலில் முயன்றிருக்க வேண்டும். பொழுதுபோக்குக்காகச் சுட்டேன் என்றால் உரிமம் உங்களைக் காப்பாற்றாது. 2019 ஏப்ரலில் ஒரு வழக்கின் அழுத்தத்தால் பழைய உரிமங்கள் ஒரே வாரத்தில் ரத்தாகி, விவசாயிகள் திண்டாடிப் போனார்கள். அதனால் நண்பர் சொன்னார் என்று நம்பாமல், அந்தந்த வருடப் பிரதியைப் படியுங்கள்.

என் ஆலோசனை, முதல் வருடம் புறாவையே தொடாதீர்கள். காரணம் சட்டம் மட்டுமில்லை. ஸ்டாக் டவ் என்ற இன்னொரு புறா அதே வயலில், அதே கூட்டத்தில் மேயும். அதைச் சுடக் கூடாது. உட்பிஜன் பருத்தது, கழுத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் அந்த வருடக் குஞ்சுக்கு வெள்ளைத் திட்டு வந்திருக்காது. கோடைக் கடைசியில் வயலில் பாதி அப்படித்தான் திரியும். அப்போது பார்க்க வேண்டியது இறக்கையை: பறக்கும்போது குறுக்கே பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரிந்தால் உட்பிஜன். ஸ்டாக் டவ்வுக்கு அது இல்லை. கண் கறுப்பு, கழுத்தோரம் பச்சை மினுக்கம். வளர்ந்த உட்பிஜனின் கண் வெளிர் மஞ்சள். இதை மகனிடம் ஒரு வேலையாகவே கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் உங்களை விட நன்றாகச் சொல்லுவான்.

இதே கவனம் தரையிலும் வேண்டும். நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. இங்கே அப்படி வளையில்லாமல் வெட்டவெளியில் பதுங்குவது ஹேர் (hare) என்ற வேறொரு முயலினம். நீண்ட காது, காது நுனி கறுப்பு, காவி நிற உடல், ஓடினால் கால் நீளம் தெரியும். உழுத மண்ணில் ஒரு மண்கட்டி போலப் படுத்திருக்கும். அதைப் பார்த்து ரசியுங்கள், ஏர் ரைபிளுக்கு அது ஆகாது. மான் எதையும் ஏர் ரைபிளால் சுடுவது சட்ட விரோதம். உங்கள் பக்கம் மண்ட்ஜாக் நிறைய. நம் கேளையாட்டுக்குச் சீனத்து உறவு அது. இருட்டுகிற நேரத்தில் நாய் மாதிரி விடாமல் குரைத்தால் பயப்பட வேண்டாம். அப்புறம் வளைகள். முயல் வளை ஒரு சாண் அகலம் கூட இருக்காது, வாயில் உருண்டைப் புழுக்கை கிடக்கும். அகலம் உயரத்தை விட அதிகமாக, வெளியே கூடை கூடையாக மண் தள்ளியிருந்தால் அது பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கின் குடியிருப்பு. அதற்குத் தனிச் சட்டமே உண்டு, 1992-இலிருந்து. அந்தப் பக்கம் போய் உட்காராதீர்கள்.

இனி நேரம். மதியம் என்பதை மாலை நாலரைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் பாதியில் சூரியன் மறைய ஒன்பதேகால் ஆகிறது. முயல் நிறைய வருவது கடைசி இரண்டு மணி நேரத்தில். முன்பே போவது மகனுக்காக. வானம்பாடி பாடிக்கொண்டே மேலே ஏறுவதும், எல்லோஹாமர் உயிர்வேலியின் உச்சிக் கொம்பில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவதும், கெஸ்ட்ரல் காற்றில் நின்ற இடத்திலேயே நிற்பதும் அந்த நேரத்துக் காட்சிகள். அதிர்ஷ்டமிருந்தால் ஏழு மணிக்கு மேல் கூகை வேலியோரமாகத் தாழப் பறந்து வரும். நம் ஊர்க் கூகைக்கு நெருங்கிய உறவு. பழைய கொட்டகைக்குள் அது கூடு வைத்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கூட்டில் தொந்தரவு செய்வதே குற்றம்.

உட்கார்வதில்தான் பாதி வெற்றி. காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் காற்றுக்கே முதலிடம். உயிர்வேலிக்கு முன்னால், அதன் நிழலுக்குள் உட்காருங்கள். வேலிக்குப் பின்னால் ஒளிந்தால் எட்டிப் பார்க்க அசைய வேண்டிவரும். உடையின் நிறத்தை விட அசையாமை பெரிது. வெளிறிய முகமானாலும் மாநிற முகமானாலும் எண்ணெய் வழிந்தால் மினுங்கும், தொப்பி போடுங்கள். கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், புல்லில் உண்ணி உண்டு, அதனால் வரும் லைம் நோய் விளையாட்டில்லை. இருபது நிமிடம் அப்படியே இருந்தால் வயல் உங்களை மறந்துவிடும். பிளாக்பேர்ட் திடீரென்று கடகடவென்று கத்தினாலோ, மண்ணில் 'தொம்' என்று முயல் பின்னங்காலால் தட்டும் சத்தம் கேட்டாலோ, யாரோ வருகிறார்கள் அல்லது நீங்கள் அசைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சுடும் தூரம் முப்பது கெஜத்துக்குள், அதாவது 27 மீட்டருக்குள். 12 அடி-பவுண்டு என்பது சின்ன சக்தி. உடம்பில் பட்டால் முயல் வளைக்குள் ஓடி மெதுவாகச் சாகும். அதனால் தலை மட்டும், கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவில். அந்த இடம் 50 பென்ஸ் நாணயம் அளவுதான் இருக்கும். வயலில் எந்த நிலையில் சுடப்போகிறீர்களோ, முழங்கால் போட்டோ படுத்தோ, அதே நிலையில் முப்பது கெஜத்தில் அட்டை வைத்து, ஐந்துக்கு ஐந்தும் அந்த நாணயத்துக்குள் விழுகிறதா பாருங்கள். நான்குதான் விழுகிறதென்றால் இருபது கெஜம்தான் உங்கள் எல்லை. கிளப் மேஜையில் வந்த கணக்கு இங்கே செல்லாது.

முப்பது கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்த .22 ரைபிளில் (.22, .177 என்பவை குண்டின் விட்டம், அங்குலத்தில்), நாற்பதில் குண்டு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். .177-இல் கிட்டத்தட்ட அதில் பாதி. தூரம் கணிப்பதில் தவறும் புதியவருக்கு .177 நல்லது. மிகக் கிட்டத்திலும், எட்டு மீட்டர் போல, குண்டு தாழ்வாகவே படும். ஸ்கோப், துப்பாக்கிக் குழாய்க்கு மேலே இருப்பதால் வருவது அது. எனவே உட்கார்ந்ததும் வேலிக்கம்பம், முட்புதர் என்று முப்பது கெஜத்தில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் இருக்கும் முயல் பார்ப்பதற்கு மட்டும். முயலுக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும். மேட்டு வரப்பில் வானத்தை ஒட்டி நிற்பதைச் சுடவே கூடாது.

எந்த முயல் என்பதிலும் தேர்வு வேண்டும். ஆகஸ்ட் வரை பெரிய பெட்டை ஒன்றுக்கு வளைக்குள் பால்குடிக் குட்டிகள் இருக்கலாம். முக்கால் வளர்ந்த இளசுகளை எடுங்கள், கறிக்கும் அதுதான் நல்லது. கண் வீங்கி, பக்கத்தில் போனாலும் ஓடாமல் மயங்கி நிற்கும் முயலைக் கண்டால் அது மிக்ஸோமாடோசிஸ். 1953-இல் கெண்ட் பக்கம் வந்து இறங்கிய வியாதி. மனிதருக்குத் தொற்றாது. அதைச் சுட்டு வேதனையை முடிப்பது சரி, சாப்பிடுவது சரியில்லை. மகனுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நேரில் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும்.

சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். அடுத்த குண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கோப் வழியாகப் பாருங்கள். அசைவு இருந்தால் உடனே இரண்டாவது குண்டு. விழுந்தது உதைப்பது பெரும்பாலும் நரம்பு வேலைதான் என்றாலும், பின்பக்கமாகப் போய் ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்து, இமைக்கவில்லை என்று தெரிந்த பிறகே கையில் எடுங்கள்.

எடுத்ததும் முதல் வேலை, அடிவயிற்றைக் கட்டைவிரலால் வால் பக்கம் அழுத்தி மூத்திரத்தை வெளியேற்றுவது. அதை மறந்தால் கறி நாறும். கையுறை போட்டு, தோலைக் கிள்ளித் தூக்கி மேலாகக் கீறுங்கள். கத்தி ஆழமாகப் போனால் குடல் கிழியும். ஈரலைப் பாருங்கள். வழவழப்பாக, கருஞ்சிவப்பாக இருந்தால் நல்ல முயல். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அந்த உடலையே ஒதுக்கிவிடுங்கள். குடலை எங்கே போடுவது என்று விவசாயியிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். சிலர் வேலியோரம் நரிக்கு விட்டுவிடச் சொல்வார்கள், சிலர் நாய் இழுத்து வரும் என்று புதைக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து தோலுரித்து, ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஃபிரிட்ஜில் வையுங்கள். காட்டு முயலில் கொழுப்பே இருக்காது. இளசென்றால் மிளகு போட்டு வறுக்கலாம். முற்றலென்றால் எலும்போடு குக்கரில் ஆறேழு விசில் விட்டு, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் குழம்பு வைத்தால்தான் பல்லுக்கு வசப்படும்.