டிஜிட்டல் வந்தபின் படம் நன்றாகிவிட்டதா? கேபிள், டிஷ், வானொலி: வாசகர் கேள்விகள்

கேள்வி (மதுரை): பழைய கேபிள் இணைப்பில் 21 இஞ்ச் டிவியில் படம் கண்ணுக்கு இதமாக இருந்தது. இப்போது 43 இஞ்ச் எல்இடி டிவி, செட்டாப் பாக்ஸ். முகங்கள் மெழுகு பூசியது போல இருக்கின்றன. கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் துரத்தும்போது புல்தரை கட்டம் கட்டமாகக் கரைகிறது. டிஜிட்டல் என்றால் துல்லியம் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: நீங்கள் பார்ப்பது கண்ணின் குறை அல்ல. டிஜிட்டலால் முதலில் லாபம் அடைந்தது ஒளிபரப்பை அனுப்புகிறவர்கள்தான். படத்தின் தரம் அதற்கு அடுத்த கணக்கு. அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்குக் கேபிளில் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடம் தேவைப்பட்டது. அதே 8 மெகாஹெர்ட்ஸில் டிஜிட்டல் முறையில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் தகவலை அனுப்பலாம். ஒரு சேனலுக்கு 4 மெகாபிட் கொடுத்தால் ஒன்பது சேனல் போகும். எம்பெக்-4 முறையில் சுருக்கி 1.5 மெகாபிட் கொடுத்தால் இருபத்தைந்து சேனல்கூடப் போகும். எத்தனை சேனலைத் திணிப்பது என்று முடிவு செய்பவர் ஆபரேட்டர். உங்கள் புல்தரை கரைவது அந்த முடிவால்தான். அசையாத செய்தி வாசிப்பாளருக்கு 1.5 மெகாபிட் போதும். புல், மழை, கூட்டம், ஓடும் தண்ணீர் எல்லாம் ஒவ்வொரு நொடியும் புதிய தகவல் கேட்பவை. கொடுக்க இடமில்லாதபோது படத்தைச் சுருக்கும் கருவி நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டங்களாக வரைகிறது.

இரண்டாவது காரணம் உங்கள் டிவி. சாதாரண எஸ்டி படம் 720க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் 4.15 லட்சம். ஃபுல் எச்டி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். ஐந்தில் இல்லாத நான்கு பங்கை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது; 4கே திரையாக இருந்தால் இருபதில் பத்தொன்பது பங்கு ஊகம். பழைய 21 இஞ்ச் பெட்டியில் இந்த வேலையே இல்லை. படக்குழாயின் மென்மையும் சிறு குறைகளை மறைத்துவிடும்.

அதற்காக அனலாக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். தெருவில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரைத் தாண்டும்போதும் இரைச்சல் கூடி, கடைசி வீட்டுக்குப் பூச்சி பறக்கும் படம்தான் வந்தது. நடிகருக்குப் பக்கத்தில் அவருடைய நிழல் இன்னொன்று நிற்கும். டிஜிட்டலில் இந்த இரண்டும் அறவே இல்லை. முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரே படம். இது உண்மையான முன்னேற்றம்.

செய்ய வேண்டியவை: முதலில் பாக்ஸின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர் போட்டிருந்தால், பாக்ஸ் எச்டியாக இருந்தாலும் நீங்கள் பார்ப்பது எஸ்டிதான். எச்டிஎம்ஐ வயர் போட்டு, பாக்ஸ் மெனுவில் 1080i, 16:9 என்று வையுங்கள். அடுத்து, எச்டி பாக்ஸ் இருந்தும் பலர் பழக்கத்தில் பழைய எஸ்டி சேனல் எண்ணையே அழுத்துகிறார்கள்; எச்டி சேனலுக்குத் தனி எண், தனிச் சந்தா. டிவியில் ‘விவிட்’ மோடை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் அல்லது சினிமா மோடுக்கு மாற்றி, ஷார்ப்னெஸைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள். எஸ்டி படத்தில் ஷார்ப்னெஸ் கூட்டினால் கூர்மையாவது முகமல்ல, கட்டங்களின் விளிம்பு. எஸ்டி பாக்ஸ் மட்டும்தான் என்றால் எட்டடி தள்ளி உட்காருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கேபிள் பாக்ஸில் சில சேனல்கள் மட்டும் உடைந்து உடைந்து வருகின்றன, சத்தம் விட்டுப்போகிறது. மற்றவை நன்றாக வருகின்றன. பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: உடனே மாற்றாதீர்கள். சில மட்டும் கெடுவது நல்ல துப்பு. டிஜிட்டல் கேபிளில் பத்து, இருபது சேனல்கள் கூட்டமாக ஒரே அலைவரிசையில் வரும். கெடுகிற சேனல்களின் எண்களை ஒரு தாளில் எழுதி, பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் ஒவ்வொன்றின் அலைவரிசையையும் பாருங்கள். எல்லாம் ஒரே எண் என்றாலோ, எல்லாம் 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் என்றாலோ கோளாறு பெரும்பாலும் வயரில்தான் இருக்கும், பாக்ஸில் அல்ல. அலைவரிசை உயர உயர வயரில் இழப்பும் கூடும்: வீட்டுக்கு வரும் ஆர்ஜி-6 ரக வயர் 100 மீட்டரில் 50 மெகாஹெர்ட்ஸில் 5 டெசிபல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இழந்தால், 860 மெகாஹெர்ட்ஸில் 20 டெசிபல் இழக்கும்.

அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படம் மெல்ல மெல்லப் புள்ளியடிக்கும். கேபிள்காரரைக் கூப்பிட நாளிருந்தது. டிஜிட்டலில் ஒரு எல்லை வரை குறையே தெரியாது. எல்லையில் ஒன்றிரண்டு டெசிபல் சரிந்தால் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் சரிந்தால் ‘சிக்னல் இல்லை’. அதனால்தான் வெயிலில் விரிந்த ஒரு இணைப்போ, மழையில் நனைந்த ஒரு கனெக்டரோ மாலையில் திடீரென்று எல்லாவற்றையும் கெடுக்கிறது.

டெக்னீசியன் வந்தால் மீட்டரை பாக்ஸில் செருகும் முனையில் வைக்கச் சொல்லுங்கள். சிக்னல் அளவு 50 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட், எம்இஆர் என்ற தர அளவு 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். எம்இஆர் 26 பக்கம் போனால் படம் உடையலாம். சிக்னல் அளவு 70ஐத் தாண்டினாலும் உடையலாம். ஆம்ப்ளிஃபயருக்கு அடுத்த வீடுகளில் இது சகஜம், 6 அல்லது 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) ஒன்று போட்டால் சரியாகும்.

பிறகு ஒவ்வொரு இணைப்பாக அவிழ்த்துப் பாருங்கள். செம்புக் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய இடம் இருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. வெட்டி எறிந்துவிட்டு எஃப்-கனெக்டர் போடுங்கள். போடும்போது வெள்ளை இன்சுலேஷன் கனெக்டரின் உட்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும், நடுக்கம்பி வாய்க்கு வெளியே 2, 3 மில்லிமீட்டர் நீள வேண்டும். இன்சுலேஷனைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் போச்சு. நடுக்கம்பி கறுத்தோ பச்சைபிடித்தோ இருந்தால் வயருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டுங்கள். இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் 3.5 முதல் 4 டெசிபல் சாப்பிடும். இரண்டாவது டிவி பழுதாகிக் கிடந்தால் ஸ்ப்ளிட்டரையே எடுத்துவிட்டு நேராக இணையுங்கள். இவ்வளவும் பார்த்தபின் பக்கத்து வீட்டு பாக்ஸை உங்கள் வயரில் போட்டு, அது நன்றாக ஓடினால் மட்டும் பாக்ஸை மாற்றுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மழை வந்தால் டிஷ் படுத்துவிடுகிறது, கேபிள் வீடுகளில் படம் ஓடுகிறது. பெரிய டிஷ் வாங்கினால் தீருமா?

பதில்: பாதி தீரும். வீட்டு டிஷ்ஷுக்கு வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துக் கேயு பாண்ட் அலை. மழைத்துளி அதை விழுங்குகிறது. கேபிள்காரரின் தலைமை நிலையத்தில் பெரிய டிஷ்கள் பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துச் சி பாண்டில் வாங்குகின்றன; அதை மழை அதிகம் தொடாது.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 ஆக்கினால் பரப்பு 2.25 மடங்கு, சுமார் 3.5 டெசிபல் கூடுதல் கையிருப்பு. சாதாரண மழையைத் தாங்கும். கருமேகம் கொட்டித் தீர்க்கும் பத்து நிமிடத்தைத் தாங்காது. காசு செலவழிக்கும் முன் வெயில் நாளில் பாக்ஸின் தர அளவைப் பார்த்து, டிஷ்ஷின் போல்ட்டைத் தளர்த்தி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி உச்சத்தைப் பிடித்து இறுக்குங்கள். டிஷ்ஷின் முன்னே நீளும் கம்பியின் முனையில் அலையை வாங்கும் கருவி எல்என்பி; அதன் பிளாஸ்டிக் மூடி வெடித்திருக்கிறதா பாருங்கள். வயர் எல்என்பியில் சேருமுன் கீழே ஒரு வளையம் தொங்கட்டும். தண்ணீர் அங்கே சொட்டிவிடும், கனெக்டருக்குள் இறங்காது.

கேள்வி (விழுப்புரம்): மொட்டைமாடி ஆன்டெனா இன்னும் கிடக்கிறது. தூர்தர்ஷன் அதில் வருமா?

பதில்: வராது. நாட்டில் ஐம்பது வரையான முக்கிய இடங்கள் தவிர மற்ற அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் மூடுவது என்று பிரசார் பாரதி முடிவெடுத்தது. மாதக் கட்டணமில்லாமல் டிடி தமிழ் பார்க்க டிடி ஃப்ரீ டிஷ் போதும். அது வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, கிழக்கு 93.5 பாகை: உங்கள் பக்கத்திலிருந்து தென்கிழக்கே, தரையிலிருந்து 68 பாகை உயரத்தில். அந்தத் திசையில் தென்னை மறைக்காத இடமாகப் பாருங்கள். தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் மிகக் குறைவு. சீரியலுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

கேள்வி (சேலம்): டிஜிட்டல் வானொலிப் பெட்டி வாங்கலாமா?

பதில்: இப்போது அவசியமில்லை. அகில இந்திய வானொலி சென்னை உட்பட மத்திய அலை நிலையங்களில் டிஆர்எம் முறையில் டிஜிட்டல் ஒலிபரப்பு தருகிறது. கரகரப்பில்லாத நல்ல ஒலிதான். ஆனால் தனியாக விற்கும் டிஆர்எம் பெட்டிகள் அரிது, விலையும் அதிகம். சில புதிய கார்களில் மட்டும் உள்ளேயே வருகிறது; உங்கள் காரில் இருந்தால் மெனுவில் தேடிப் பாருங்கள். நார்வே 2017இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறியது. இங்கே எஃப்எம் அனலாக்காகவே ஓடுகிறது. புயல் நாளில் மின்சாரமும் கேபிளும் போனபின், இரண்டு பேட்டரியில் நாள்கணக்கில் பேசும் எஃப்எம் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது பேசும், பேட்டரி மட்டும் தனியாக எடுத்து வைத்திருங்கள், பெட்டிக்குள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.