மெதுவாகிவிட்ட ஹார்டு டிஸ்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2006-இல் வாங்கிய கணினி, விண்டோஸ் எக்ஸ்பி. எங்கள் கடையின் கணக்கு மென்பொருள் அதில் மட்டுமே ஓடுகிறது. ஒரு கோப்பை நகலெடுத்தாலே மவுஸ் நின்று நின்று நகர்கிறது. டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார் பழுதுபார்ப்பவர்.

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் கணக்குகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் இணைந்திருக்கும் ஐடிஇ சேனலின் (டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் பழைய வகைத் தடம்) அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'அல்ட்ரா டிஎம்ஏ' (பிராசஸரைச் சுமக்க வைக்காமல் தரவை அனுப்பும் வேகமான முறை) என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பிஐஓ' (மெதுவான பழைய முறை) என்று இருந்தால் கோளாறு அங்கேதான். தரவுப் பரிமாற்றத்தில் ஆறு பிழைகள் சேரும்போதெல்லாம் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி இறக்கி, கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்நிலையில் ஒவ்வொரு தரவையும் பிராசஸரே சுமந்து செல்ல வேண்டியிருப்பதால்தான் மவுஸ்கூடத் தடுமாறுகிறது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி இயக்கினால், விண்டோஸ் அதைப் புதிதாக அமைத்துக்கொள்ளும். சில நாளில் வேகம் மீண்டும் இறங்கினால் 80 கம்பிகள் கொண்ட ஐடிஇ கேபிளை வாங்கி மாட்டுங்கள். பழைய 40 கம்பிக் கேபிள் விநாடிக்கு 33 எம்பிக்கு மேல் தாங்காது. அதற்குப் பிறகும் இறங்கினால்தான் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: வேகம் கூடும் என்று, விண்டோஸ் 7-இல் 'ரைட் கேஷ் பஃபர் ஃப்ளஷிங்'கை (தற்காலிக நினைவகத்தில் நிற்கும் தரவை டிஸ்க்கில் எழுதிவிடச் செய்வதை) நிறுத்தும் கட்டத்தில் டிக் செய்தேன். மின்வெட்டுக்குப் பின் கோப்புகள் பாழாகிவிட்டன. யுபிஎஸ் இல்லை.

பதில்: மின்சாரம் நின்றால் தரவு போகும் என்ற எச்சரிக்கை அந்தக் கட்டத்தின் அடியிலேயே இருக்கிறது, அதைப் படிக்காமல் டிக் செய்தது உங்கள் தவறு. இன்றே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதியது என்று சொல்லி ரூ.1,400-க்கு 1 டிபி டிஸ்க் விற்றார்கள். பில் தரவில்லை. சோதித்தால் 31,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது.

பதில்: இரவு பகலாக ஓடினாலும் 31,000 மணி நேரத்தை எட்ட மூன்றரை ஆண்டுகள் ஆகும். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017-இல் நானும் 'பில் இல்லாமல் என்றால் இருநூறு குறைவு' என்ற பேச்சை நம்பி ஒரு டிஸ்க் வாங்கினேன். நான்காம் மாதம் அது 'டக், டக்' என்று ஒலித்து நின்றபோது, என் தந்தையின் கடைசி ஆண்டுப் படங்களும் அதோடு போய்விட்டன. அதற்குப் பிறகுதான் லேபிளில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டுப் பார்த்தேன். நான் வாங்குவதற்கு முன்பே உத்தரவாதம் முடிந்திருந்தது. பில் தராமல் விற்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பணம் செலுத்திய யுபிஐ பதிவையும், மணிக்கணக்கும் சீரியல் எண்ணும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாரந்தோறும் டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யலாமா?

பதில்: வேண்டாம். பயன் இல்லை, தேய்மானம்தான் மிச்சம்.