எந்த மொழி என்று கேட்பதற்கு முன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு, சிறிய மருத்துவமனைகளுக்கான ஒரு மென்பொருளைத் தொடங்கியிருக்கிறோம். மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவது, பில் போடுவது, நோயாளிக்கு நினைவூட்டல் அனுப்புவது, இவ்வளவுதான் முதல் பதிப்பு. எனக்கு ஆறு வருடமாகப் பைத்தான் மொழியும், அதில் இணையச் செயலிகளைக் கட்ட உதவும் ஜாங்கோவும் பழக்கம். இன்னொருவருக்கு ஜாவாஸ்கிரிப்ட். மூன்றாவது நண்பரோ கோ மொழி, மைக்ரோசர்வீஸ் (ஒரே மென்பொருளைத் தனித்தனியே ஓடும் சிறு நிரல்களாகப் பிரிப்பது), குபர்னெட்டிஸ் (அப்படிப் பல சர்வர்களில் ஓடும் நிரல்களை நிர்வகிப்பது), மோங்கோடிபி (தரவை ஆவணங்களாகச் சேமிக்கும் தரவுத்தளம்) என்று போனால்தான் நாளைக்கு ஒரு லட்சம் பேர் வந்தாலும் தாங்கும் என்கிறார். இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம், ஒரு வரி கூட எழுதவில்லை. தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டிவருமே என்ற பயம்தான் காரணம். எந்த ஸ்டாக், அதாவது மொழி, தரவுத்தளம் எல்லாம் சேர்ந்த எந்தத் தொகுப்பு, சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது தப்பான இடத்தில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் மூவரும் மொழியைப் பற்றிப் பேசுகிறீர்கள். பின்னால் மாற்றவே முடியாமல் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் மொழி இல்லை, தரவுதான்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பில் மென்பொருள் ஒன்றைச் செய்தோம். அட்டவணைகள் போட்டு உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை என்று, ஒவ்வொரு பில்லையும் ஒரு தனி ஆவணமாக அப்படியே சேமித்தோம். வாடிக்கையாளர் பெயர், முகவரி, வரி எண் எல்லாம் ஒவ்வொரு பில்லிலும் நகலாக இருந்தன. எழுத ஆரம்பித்தபோது மிகவும் சுலபமாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரே வாடிக்கையாளர் மூன்று பெயர்களில் இருந்தார், வருடக் கணக்கு எந்த வழியில் கூட்டினாலும் ஒவ்வொரு தொகை வந்தது. அந்தச் சமயத்தில் நிரலை வேறு மொழியில் திரும்ப எழுதவும் செய்தோம். அதற்கு நான்கு மாதம் பிடித்தது. தரவைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பழைய பில்லைத் திருத்த முடியாது, வாடிக்கையாளரிடம் கேட்டாலும் அவருக்கு நினைவிருக்காது. அந்த வருடத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, உங்கள் மென்பொருளுக்கு வருவோம். இரண்டு வரவேற்பாளர்கள் ஒரே நொடியில் ஒரே மருத்துவருக்கு 10.30 மணியைப் பதிகிறார்கள். என்ன நடக்கும்? நிரல் முதலில் ‘அந்த நேரம் காலியா’ என்று பார்க்கும், காலி என்றால் பதியும். இரண்டு பேருக்கும் அது காலியாகத் தெரிந்தால் இரண்டு பேருமே பதிந்துவிடுவார்கள். கோ மொழியில் எழுதினாலும் பைத்தானில் எழுதினாலும் இது நடக்கும், மொழியின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தடுக்க வேண்டிய இடம் தரவுத்தளம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இதற்கென்றே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்று ஒரு தடை விதி இருக்கிறது. 2010-ல் வந்த 9.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. 2012-ல் 9.2-ல் ரேஞ்ச் வகைகளும் (தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஓர் இடைவெளியை ஒரே மதிப்பாக வைப்பவை) சேர்ந்தபின் நேர இடைவெளிகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘ஒரே மருத்துவருக்கு ஒன்றின்மேல் ஒன்று விழும் இரண்டு நேரங்களை ஏற்காதே’ என்று அட்டவணையிடமே சொல்லிவிடலாம். அப்புறம் யார் எந்த வழியாக வந்து பதிந்தாலும், நிரலில் பிழையே இருந்தாலும், இரண்டாவது பதிவு உள்ளே போகாது.

பில்லும் அப்படித்தான். பில் உருவாவது, பணம் வரவாவது, மருந்து இருப்பு குறைவது மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றுமே நடக்கக்கூடாது. ட்ரான்சாக்‌ஷன் என்பது இதுதான். மோங்கோடிபியிலும் 2018-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து பல ஆவணங்களைச் சேர்த்து இதைச் செய்யலாம், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளி, மருத்துவர், நேரம், பில், வரவு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தரவு உங்களுடையது. அதற்கு, அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் போன்ற உறவுநிலைத் தரவுத்தளம்தான் இயல்பான வீடு. போஸ்ட்கிரெஸ் 1986-ல் பெர்க்லியில் தொடங்கிய திட்டத்தின் வழிவந்தது. அதில் எங்கே இடறும், இடறினால் என்ன செய்வது என்பதெல்லாம் நிறையப் பேருக்குத் தெரியும். நள்ளிரவில் ஒரு பிழைச் செய்தியோடு நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அதன் அருமை புரியும்.

உங்கள் நண்பர் சொல்லும் லட்சத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் நாளுக்கு நூறு பதிவுகள் என்று வையுங்கள். மொத்தம் ஒரு லட்சம். பத்து மணி நேர வேலைநாளில் பரப்பினால் நொடிக்கு மூன்று பதிவு கூட வராது. காலை நெரிசலில் அது பத்து மடங்கானாலும் முப்பது. ஒழுங்காக இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) போட்ட தரவுத்தளமும் ஜாங்கோவும் ஒரு சாதாரண சர்வரிலேயே இதைத் தாங்கும். இன்ஸ்டாகிராம் 2012-ல் விற்கப்பட்டபோது அதில் 13 பேர்தான் வேலை பார்த்தார்கள், பயனர்கள் சுமார் மூன்று கோடி. ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸும்தான் அதன் அடித்தளம்.

இதை வைத்து ஜாங்கோ எல்லாவற்றுக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாட்ஸப்பின் சர்வர் பகுதி எர்லாங்கில் எழுதப்பட்டது. 1980-களில் எரிக்சன் நிறுவனத்தில், தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான மொழி அது. லட்சக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்வதுதான் வாட்ஸப்பின் வேலையே, அதனால் பொருந்தியது. உங்கள் வேலை அது இல்லை.

மைக்ரோசர்வீஸைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மூன்று பேருக்கு அது வேண்டாம். பில்லையும் வரவையும் இரண்டு சர்வீஸாகப் பிரித்த அன்றே, மேலே சொன்ன ட்ரான்சாக்‌ஷன் கையை விட்டுப் போய்விடும். ஒன்று முடிந்து மற்றது முடியாமல் நின்றால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு இடத்திலும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். அமேசான் பிரைம் வீடியோவிலேயே ஒரு குழு, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் மென்பொருளின் பிரிந்து கிடந்த பகுதிகளை ஒன்றாக்கியபோது செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-ல் எழுதினார்கள். ஒரே நிரலாகத் தொடங்குங்கள், உள்ளே பகுதிகளைச் சுத்தமாகப் பிரித்து வையுங்கள். குபர்னெட்டிஸும் அப்படியே, இப்போதைக்குத் தேவையில்லை.

ஆக, உங்கள் பைத்தானும் ஜாங்கோவும், போஸ்ட்கிரெஸும். திரைப் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் நண்பர் பார்த்துக்கொள்ளட்டும். எந்தக் கட்டமைப்பை அவர் எடுத்தாலும், திரையை ஒருநாள் திரும்ப எழுத வேண்டிவரும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் என்ற திரைக் கட்டமைப்புக்கு 2021 முடிவோடு ஆதரவு நின்றது. பத்து வருடம் ஒரு திரைக்கு நல்ல ஆயுள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. இணையம் நின்றுபோனால் வரவேற்பாளர் என்ன செய்வார்? பதிவு நடந்தே ஆக வேண்டும் என்றால், தரவு சர்வரில் மட்டுமல்ல, வரவேற்பாளரின் கருவியிலும் இருக்க வேண்டும். அங்கே எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை வைத்து, இணையம் வந்ததும் இரண்டையும் இசைக்க வேண்டும். அப்போது 10.30 மணிச் சண்டை வேறு உருவத்தில் திரும்ப வரும், ஏனென்றால் இணையம் இல்லாத கருவியைச் சர்வரில் இருக்கும் தடை காக்காது. இதைப் பிறகு ஒட்டவைப்பது மிகக் கடினம். மொழி விவாதத்தை இன்றோடு விட்டுவிட்டு, ஒரு வாரம் நாலைந்து மருத்துவமனைகளின் வரவேற்பு மேசை அருகே போய் உட்காருங்கள். இணையம் எத்தனை முறை நிற்கிறது, நின்றால் அவர்கள் எதில் எழுதி வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

கோ நண்பரின் ஆர்வத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நினைவூட்டல் அனுப்பும் பகுதி தனியே நிற்கக்கூடியது, தோற்றால் திரும்ப அனுப்பலாம், பில்லைத் தொடாது. முதல் ஐந்து மருத்துவமனைகள் வந்து நிலைத்த பிறகு, அதை அவர் கோ மொழியில் எழுதட்டும்.

அன்புடன்.